கூடத்தில் மாட்டிய வியாகுல மாதா

ஜனவரி 17, வெள்ளி

சம்பா அறுவடையோடு என்னையும் ஓரிடத்தில் சேர்த்துவிட வேண்டுமாம் அப்பாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை வேதாரண்யத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். செப்புத் தகட்டில் கீறி அச்செடுக்கும் கலையை ஒரு வருடம் ஜெர்மனியில் படிக்க எனக்கு இடம் கிடைத்திருப்பதைச் சொன்னீர்களா என்றேன். அதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் இஷ்டமாம். படிக்கப் போவது நான்.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அம்மா சாப்பிட மாட்டாள். வேறு வழி இருக்கிறது.

ஜனவரி 18

வழி இதுதான். ஐந்நூறு வருடப் பழமையான ஐரோப்பிய பக்திப் படமொன்றைப் பார்த்து நான் கீறிய வியாகுல மாதா. இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கிறாள். கூடத்தில், வாசலுக்கு நேரெதிரே மாட்டிவிட்டேன். நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு பிணம். கூடவே, பெண் மதம் மாறிவிட்டாளோ என்ற சந்தேகம். அப்பா கழற்றச் சொன்னார். பரிசு வாங்கிய படம் என்றேன். பரிசு என்றால் அப்பா அடங்கிவிடுவார்.

ஜனவரி 19, காலை

அம்மா! கண்ணாடிகூடப் போடாத படம் — நேரே காகிதத்தில் வைத்துவிட்டாள். மாதா நெற்றியில் சந்தனம், குங்குமம். ஏசுவுக்கு விபூதிப் பட்டை. மேலே கதம்பம். "இப்ப நம்ம சாமி மாதிரி இருக்குல்ல?" என்கிறாள். அழுவதா, சிரிப்பதா?

ஜனவரி 20

நேற்று வந்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ராம்கி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேசரி சாப்பிட்டார். அவர் அம்மா நாகரத்தினம் படத்தின் முன் நின்றவர் நகரவேயில்லை. மிரண்டுவிட்டார் என்று எனக்கு உள்ளூரக் குதூகலம். திரும்பியபோது அழுதுகொண்டிருந்தார். மூத்த மகன் பைக் விபத்தில் போய்விட்டானாம். ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்காக வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டாராம்.

"மடியில போட்டுக்கக்கூட விடலம்மா. துணியில கட்டித்தான் குடுத்தாங்க."

பார்ப்பவர் அழ வேண்டும் என்றே அந்தக் காலத்தில் இப்படங்களை அச்சடித்து மலிவாக விற்றார்கள் என்று ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எதிரே ஒருவர் அழுதபோது தண்ணீர் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 22

பெண் பிடித்துவிட்டதாம். மாதாவே காட்டிய சம்பந்தமாம். மாசியிலேயே முகூர்த்தம். அப்பா படத்தைக் கும்பிட்டுவிட்டு மண்டபம் பார்க்கப் போயிருக்கிறார்.

ஜனவரி 25

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாகரத்தினம் அம்மாவுக்கே போன் போட்டு. படத்தை எதற்கு மாட்டினேன் என்பதையும்.

"வேணாம்னு வாயால சொல்லியிருக்கலாமேம்மா. மாதாவுக்கு இருக்கிற துக்கம் போதாதா, இந்த வேலைக்கும் அவளையா நிக்க வைப்ப?" என்றார்.

ஜனவரி 26

அப்பாவுக்கு வயலே கதி. அம்மா என்னோடு பேசுவதில்லை. நல்லவேளை, சாப்பிடுகிறாள்.

பிப்ரவரி 3

நாகரத்தினம் அம்மா பஸ் பிடித்துத் தனியாக வந்தார். மோர் குடித்தார். படத்தை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். புதிதாக, கறையில்லாமல் ஒன்று அச்செடுத்துத் தருகிறேன் என்றேன். இதுவே போதும் என்றார்.

கிளம்பும்போது, "வெளிநாட்டுக்கு என்னைக்கும்மா பயணம்?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "ஏப்ரல் மூணாந்தேதிங்க. ஸ்வெட்டர்தான் இன்னும் வாங்கல."