கூண்டுக்குள் வெடித்த வீல்

நூம்பல்,
விஜயதசமி கழிந்து மூன்றாம் நாள்.

அன்பு மகள் அருள்மொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நம் டயர் கடையில் ஏகாம்பரமும் சுகம். சுகம் என்று எழுதும்போது இந்தத் தடவை கை கொஞ்சம் நின்றுபோனது, ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். நீ அங்கே ஆஸ்திரேலியாவில் அந்தத் திறந்தவெளிச் சுரங்கத்து வெயிலில், பெரிய வண்டி வீல்களுக்கு நடுவில் வேலை பார்த்தாலும், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் அம்மா, ஏன், போனைத் தொட்டால் கை சுட்டுவிடுமா என்று கேட்கிறாள். போனில் உன் குரலைக் கேட்டால் பாதியில் அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். எழுதினால் முழுசாகச் சொல்லலாம், நடுவில் யாரும் பிடுங்க முடியாது.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. ஆவடியில் வெல்டிங் கடையில் நின்று அந்த இரும்புக் கூண்டைச் செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். லாரி வீலுக்குக் காற்று அடிக்கும்போது அதற்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும், ஆள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லி, வால்வில் மாட்டுகிற கிளிப் வைத்த நீளக் காற்று ஹோஸ் ஒன்றும் கொடுத்தாய். அதோடு விட்டாயா, பழைய வீல்களில் டயரைப் பிடித்து நிறுத்துகிற லாக் ரிங்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மூன்று ரிங்கில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, இது உதவாது என்றாய். வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஏகாம்பரம் நிற்கிறான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. முப்பத்தாறு வருஷமாக வெறும் கையால் இந்த வேலையைப் பார்க்கிறவனுக்கு நீ சொல்லித்தர வந்தாயா, இனிமேல் என் கடைக்குள் கால் வைக்காதே என்று கத்திவிட்டேன். நீ சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். ஒன்பது மாதமாக ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தால் நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூண்டின்மேல் உன் அம்மா வடகம் காயப்போட்டாள், ஏகாம்பரம் பனியனை உலர்த்தினான். இதுல கோழி வளத்தா தினம் முட்டையாவது கிடைக்கும் அண்ணாத்தே என்று அவன் சொல்ல, நானும் சிரித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மையைத்தானே எழுத வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு அம்மா கடைக்கு வந்து சம்மட்டி, ஜாக்கி, கடப்பாரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். வைத்துக்கொண்டே வந்தவள் அந்தக் கூண்டுக்கும் நாலு பக்கமும் பொட்டு வைத்து, உன் ஹோஸைத் தேடி எடுத்து அதற்கும் வைத்துவிட்டாள். அதற்கு எதற்கு என்று கேட்டேன், என் பெண் வாங்கிக் கொடுத்ததுக்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பேன் என்று முறைத்தாள். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். பூஜையில் வைத்த சாமான் எதுவானாலும் மறுநாள் அதை எடுத்து ஒரு தடவையாவது வேலை செய்துவிட வேண்டும், சும்மா விட்டுவிடக் கூடாது. இத்தனை வருஷத்தில் நான் அதைத் தவறவிட்டதில்லை. அதனால் மறுநாள் காலையில், ஒரு சடங்குக்காக, முதல் வீலை மட்டும் கூண்டில் வைத்து அடிப்போம், அப்புறம் ஓரமாகத் தள்ளிவிடுவோம் என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன்.

அந்த முதல் வீல், கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட்டில் இருக்கிற ஹேமநாதன் என்பவருடையது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். அவர் அப்பா ஓட்டிய பழைய மூக்கு வைத்த லாரியைத் தேடி வாங்கிப் புதுசு மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறார், நல்ல மனுஷன். பூஜைக்காகத் தன் கையாலேயே ஆறு வீலுக்கும் ரிங்குக்கும் சேர்த்து வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார். பார்க்கப் பளபளவென்று இருந்தது, நானும் கண்ணால் பார்த்ததோடு சரி, சுரண்டிப் பார்க்கவில்லை. டயரை ஏற்றி, ரிங்கைத் தட்டி உட்கார வைத்து, கூண்டுக்குள் உருட்டிவிட்டு, கிளிப்பை மாட்டிவிட்டு நாங்கள் கம்ப்ரஸர் பக்கம் வந்து நின்றோம். அறுபது பவுண்டு ஏறியிருக்கும். டமார் என்று ஒரு சத்தம், எதிரே மெட்ரோ ரயில் பாதை போடுகிற வேலைக்காரர்கள் எல்லாம் ரோட்டைத் தாண்டி ஓடி வந்துவிட்டார்கள். புழுதி அடங்கிப் பார்த்தால் ரிங் தெறித்துப்போய்க் கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அந்தக் கம்பி வில்லாக வளைந்திருக்கிறது. ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணாத்தே, நான் உயிரோட கீறேனா என்று கேட்டான். கீறடா, கீற என்று சொல்லி அவன் இடது காலைப் பிடித்துப் பார்த்தேன். எப்போதும் ரிங் எழும்பாமல் இருக்க அந்தக் காலைத்தான் வீல்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பான். அப்படி நிற்கச் சொல்லிப் பழக்கியவன் நான்தானம்மா. அடுத்த வாரம் அவன் பேத்திக்குக் காது குத்து.

ரிங்கைச் சுரண்டினோம். பெயிண்டுக்கு அடியில் துரு, அப்பளம் மாதிரி உதிர்ந்தது. ஹேமநாதன் அழுதேவிட்டார், அப்பா வண்டி என்று ஆசையாக அடித்தேனே சார் என்றார். உங்கள்மேல் தப்பில்லை, பெயிண்டைப் பார்த்து ஏமாந்தது நான் என்று சொன்னேன். இப்போது ரிங்கே இல்லாமல் ஒரே வட்டாக வருகிற வீலாக ஆறையும் மாற்றச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. நீ பெருக்கல் குறி போட்ட மூன்று ரிங்கையும் நான் தூக்கிப் போடவில்லை. குறியை அழித்துவிட்டு, அதில் ஒன்றை உதயகுமாரின் தண்ணி லாரிக்கு மாட்டிக் கொடுத்திருந்தேன். வெடித்த அன்றைக்கே வண்டி எங்கே நிற்கிறது என்று விசாரித்து அம்பத்தூருக்கு ஓடினேன். நீ சொன்ன மாதிரி முதலில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு அப்புறம்தான் நட்டில் கை வைத்தேன், வேறு நல்ல ரிங் போட்டுக் கொடுத்தேன், நான் செய்த காரியத்தையும் அவனிடம் சொன்னேன். கன்னாபின்னாவென்று திட்டினான், வாங்கிக்கொண்டேன். மூன்றையும் கேஸ் கட்டரில் துண்டு துண்டாக வெட்டியாயிற்று.

ஏகாம்பரம் இப்போது கூண்டு இல்லாமல் ஒரு வீலைத் தொடுவதில்லை. அதற்கு அவனே பெயரும் வைத்துவிட்டான். இன்னா பாத்துகினு நிக்கிற அண்ணாத்தே, வீல அருள்கிட்ட உடு என்கிறான். உன்னைக் கால் வைக்காதே என்று நான் சொன்ன கடைக்குள் தினம் பத்துத் தடவை உன் பெயர் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. உனக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஏகாம்பரத்தின் கால் இருக்கிறது, என் உயிர் இருக்கிறது, இரண்டும் நீ கொடுத்தது. வளைந்த கம்பியை நிமிர்த்தவில்லை, நீ வந்து பார்க்க வேண்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன், பக்கத்தில் இன்னொரு கம்பி வைத்து வெல்டிங் பண்ணியாயிற்று. வரும் பொங்கலுக்கு நேராகக் கடைக்கு வா. அன்றைக்கு நின்ற அதே ஏகாம்பரத்தின் முன்னால், நான் சொன்னது தப்பு என்று சொல்லப்போகிறேன்.

அம்மா உனக்கு வடகம் அனுப்புகிறாளாம், இப்போது மொட்டைமாடியில் காயப்போடுகிறாள். நீயும் அங்கே பெரிய வண்டி வீல்களுக்கு எதிரில் நிற்காதே, ஊருக்குச் சொல்கிறவள் உன்னையும் பார்த்துக்கொள். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே. டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா,
உலகநாதன்.