சந்தனப் பொட்டு வைத்த கிளிப்

நவம்பர் 24, ஞாயிறு

கார் வந்து மூன்று நாளாகிறது. சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் உரிக்கவில்லை. உரித்தால் பழசாகிவிடுமாம். அசையும்போதெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

இன்று தில்லைக்காளி கோயில் வரை முதல் ஊர்வலம். ஓட்டுநர் என் கணவர் சபேஷ். முன் சீட்டில் மாமனார் சிற்சபேசன். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும்; முன்னால் உட்கார்ந்தால் சுற்றாது, ஊருக்குத் தெரியும். பெல்ட்டை இழுத்து மார்பின் மேல் அங்கவஸ்திரம் மாதிரி போட்டுக்கொண்டு நுனியைக் கையில் பிடித்துக்கொள்கிறார். மாட்டுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியதுபோல இருக்கிறதே, அது போதும்.

பின்னால் நானும் மாமியார் தில்லையம்மாளும். எனக்கு ஐந்தாம் மாதம். ஏறியதும் பெல்ட்டை மாட்டினேன். அத்தையும் மாட்டவில்லை. கார் கத்த ஆரம்பித்தது.

"என்னாடா இது, கோழிக்குஞ்சு மாதிரி கத்துது? புது வண்டியில கோளாறா?"

"பெல்ட் போடலன்னு கத்துதும்மா."

"பின்னால ஒக்கார்றவங்களுக்கு எதுக்குடா பெல்ட்டு? நாம என்னா ஏரோப்ளேன்லயா போறோம்?"

ஒன்பதாம் வகுப்புக்கு நியூட்டன் விதி நடத்துகிறவள் நான். இந்த வீட்டு நம்பிக்கைப்படி நியூட்டன் முன் சீட்டோடு இறங்கிவிட்டார்.

நவம்பர் 27, புதன்

காரின் வாயை அடைத்தாகிவிட்டது. சபேஷ் ஆபீஸ் விட்டு வரும்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையிலிருந்து நாலு கிளிப் வாங்கி வந்திருக்கிறார், முன்னால் மாமாவுக்கு ஒன்று, பின்னால் மூன்று. பெல்ட்டின் நுனியில் இருக்குமே ஒரு இரும்பு நாக்கு, அது மட்டும். பின்னால் வார் கிடையாது. பூட்டில் சொருகினால் போதும், எல்லோரும் பெல்ட் போட்டுவிட்டதாகக் கார் நம்பிவிடும். மேலே தங்க நிறத்தில் ஓம்.

"பாத்தியா, சத்தமே இல்ல" என்று என்னிடம் பெருமை வேறு. எம்.டெக். படித்தவர்.

நவம்பர் 29, வெள்ளி

வண்டிக்குப் பூஜை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்குக்கு மாலை. அத்தை எல்லாக் கதவையும் திறந்து நாலு கிளிப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். ஓம் போட்டிருக்கிறதல்லவா?

இனி நான் பெல்ட் மாட்ட வேண்டுமானால் சாமியைப் பிடுங்க வேண்டும். சாயந்திரம் பிடுங்கப் போனேன். "எழிலு! பொட்டு வெச்சத எடுக்காத. வயித்துப் புள்ளக்காரி" என்றார். எடுக்கவில்லை. கோழை.

டிசம்பர் 15, ஞாயிறு

திருவந்திபுரம். பெருமாள் சேவை நன்றாக ஆயிற்று. கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது.

எழுத வேண்டியது அதுவல்ல. அத்தை பெரிய எவர்சில்வர் தூக்கில் புளிசாதம் கட்டியிருந்தார். நல்லெண்ணெய் மேலே மிதக்கும் புளிசாதம். சபேஷ் அதை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். பிறகு, நான் கண்ணால் பார்த்தேன், நடு கிளிப்பைச் சட்டென்று பிடுங்கி டேஷ்போர்டில் போட்டுவிட்டு, பெல்ட்டை இழுத்துத் தூக்கின் இடுப்பில் சுற்றி, கிளிக் என்று பூட்டினார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. திருப்தி.

"அத்தை, அந்தக் கிளிப்புக்குப் பொட்டு வெச்சிருந்தீங்களே?"

"அது சோறும்மா. பிரேக் போட்டா கொட்டிடும்ல."

டிசம்பர் 16, திங்கள்

நான் கொட்டமாட்டேனாம்.

ஜனவரி 9, வியாழன்

கடலூரில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். சபேஷை வைத்துக்கொண்டே வேண்டுமென்று கேட்டேன்: கர்ப்பமாக இருக்கும்போது பெல்ட் போடலாமா? "போட்டே ஆகணும்" என்றார். கீழ் வார் வயிற்றுக்கு மேலே போகக்கூடாது, அடிவயிற்றுக்கும் கீழே இடுப்பெலும்போடு படிய வேண்டும். மேல் வார் மார்புக்கு நடுவில் வந்து வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். சபேஷுக்குச் சட்டை அளவெடுப்பதுபோல விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து சபேஷ் அவர் அம்மாவிடம் சொன்னது: "டாக்டர் எல்லாம் நார்மல்னுட்டாங்கம்மா." அவ்வளவுதான்.

பிப்ரவரி 3, திங்கள்

நாளன்றைக்கு வளைகாப்பு. முடிந்ததும் என்னைக் கடலூரில் அம்மா வீட்டில் விட வேண்டும். உட்காரும் வரிசை இன்று தீர்மானமாயிற்று. பின்னால் நடுவில் நான், இரண்டு பக்கமும் இரண்டு சுமங்கலிகள், அத்தையும் என் அம்மா சௌந்தரமும். எனக்கு ஓரம் கூடாது. ஓரத்தில் உட்கார்ந்தால் காத்து கருப்பு அண்டும்.

ஏ.சி. போட்டுக் கண்ணாடி ஏற்றிய காரில் அது எந்த வழியாக வரும் என்று கேட்டேன். பெல்ட்டும் போடுவேன் என்றேன். "வயித்த அமுக்கி எம்பேரப் புள்ளைக்கு மூச்சு முட்ட வைக்கப் போறியா?" என்று அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. சபேஷ் தலையைச் சொறிந்தார். "ஒரு மணி நேரந்தான எழிலு, நா மெதுவா ஓட்றேன்." எதிரில் வருகிறவனும் மெதுவாக ஓட்டுவான் என்று யாரிடம் எழுதி வாங்கியிருக்கிறார்?

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவாவது! "பெரியவுங்க சொல்றாங்கல்லடி, கேட்டுக்க. சம்பந்திம்மா மனசு கோணக் கூடாது" என்றாள். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். என் வயிற்றைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. எனக்கு மட்டும் இருக்கக் கூடாதா?

பிப்ரவரி 5, புதன்

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். குழந்தை நன்றாக இருக்கிறது. இதற்கு மேல் இன்று எழுத முடியாது. எழுத எழுத வளையல் சத்தம் வேறு.

பிப்ரவரி 6, வியாழன்

சொல்கிறேன்.

பூ, சந்தனம், கை நிறைய வளையல், ஐந்து வகை சாதம், எல்லாம் முறைப்படி நடந்தது. பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று மாமா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். தெருவே வாசலில் நின்றது.

மிச்ச சாதத் தூக்கை டிக்கியில் வைத்தார்கள். பின் கதவைத் திறந்து "ஏறு எழிலு" என்றார் சபேஷ். நான் ஏறவில்லை. குனிய முடியாத வயிற்றோடு குனிந்து, இடது ஓரத்துக் கிளிப்பைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன்.

"நல்ல நாளும் அதுவுமா சாமியப் பிடுங்கறாளே!" என்றார் அத்தை.

"அன்னைக்குப் புளிசாதத்துக்காகப் பிடுங்கினப்ப சாமி கோவிச்சிக்கலியே. என்னையும் ஒரு தூக்குன்னு நெனச்சிக்குங்க அத்தை."

தெருவில் யாரோ சிரித்தார்கள். அத்தை முகம் சிவந்துவிட்டது. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "ராகு காலம் வந்துடும்டா. கட்டிக்கட்டும், எதையாவது கட்டிக்கட்டும், வண்டிய எடு!" என்று கத்தினார்.

என்னைக் காப்பாற்றியது விஞ்ஞானம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இடது ஓரத்தில் உட்கார்ந்து, டாக்டரம்மா காட்டியபடி கீழ் வாரை வயிற்றுக்குக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டேன். நடுவில் அம்மா, மடியில் சீர்த்தட்டு. அவளைப் போடச் சொன்னேன். "சம்பந்திம்மா போடல, நா மட்டும் போட்டா நல்லாருக்குமா?" என்று காதில் சொன்னாள். மரியாதை!

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, கையும் காட்டாமல் விளக்கும் போடாமல், எங்களுக்கு முன்னால் குறுக்கே திரும்பியது. சபேஷ் ஏறி நிற்பதுபோலப் பிரேக்கை மிதித்தார். இடிக்கவில்லை. ஒரு முழம் இருந்திருக்கும்.

கார் நின்றது. காருக்குள் இருந்தவர்கள் நிற்கவில்லை. நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுவது இதுதான். மாமா கையில் பிடித்திருந்த பெல்ட் கையிலேயே இருந்தது. அவர் மட்டும் போய்க் கண்ணாடியில் முட்டினார். விபூதிப் பட்டைக்கு நடுவில் கொழுக்கட்டை. அத்தையின் வாய் முன் சீட்டின் தலையணைக் கம்பியில் மோதியது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்து, உதடு கிழிந்து, பட்டுப் புடவையெல்லாம் ரத்தம். அம்மா இரண்டு சீட்டுக்கும் நடுவே பாய்ந்து, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்தது.

என்னை வார் இழுத்துப் பிடித்தது. தோளில் கன்றிப்போயிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் வயிற்றுக்குள் அசைவே இல்லை. அசைவில்லை. கடலூர் போய்ச் சேரும்வரை நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அசைடா, அசைடி என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன். கிண்டல், கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ.

டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். அந்தக் குதிரையோட்டச் சத்தம் வந்ததும் நான் உடைந்து அழுதேன். உதட்டில் பஞ்சோடு கதவருகே நின்ற அத்தை, "சத்தம் கேக்குதா? நல்லாக் கேக்குதா?" என்றார். தன் பல்லைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியபோது இதைத்தான் பேசினார்: "கிளிப்பப் புடுங்குனா. அதான் இப்புடி ஆச்சி."

பிப்ரவரி 11, செவ்வாய்

புதுச் சிக்கல். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிறந்த வீட்டில் ஆக்கிப் போட வேண்டிய அம்மா, மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கே நான் ஊட்ட வேண்டியிருக்கிறது.

இன்று காலை பையோடு அத்தை வந்து இறங்கினார். எந்த ஊரில் சம்பந்தி வீட்டில் வந்து மாமியார் சமைத்திருக்கிறார்? அம்மா கூசிப் போனாள். "நீங்க எதுக்கு சம்பந்திம்மா..." "செத்த சும்மா இருங்க. ஒங்களுக்குக் கையி ஒடைஞ்சிது, எனக்குப் பல்லுதான ஒடைஞ்சிது. பல்லாலயா சமைக்கப் போறேன்?"

சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

மார்ச் 19, புதன்

அம்மாவுக்குக் கட்டுப் பிரிக்கப் போனோம். நான் இடது ஓரம், மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்கும் நானே மாட்டினேன். இந்த முறை மரியாதை பேசவில்லை. அத்தை வலது ஓரத்தில் ஏறினார். அவர் பக்கத்துக் கிளிப் காய்ந்த சந்தனத்தோடு அப்படியே இருந்தது.

நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல இருந்தேன். அத்தை கிளிப்பை மெல்ல உருவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மணிபர்சில் வைத்தார். பெல்ட்டை இழுத்தார். பூட்டில் குத்திக் குத்திப் பார்த்தார், போகவில்லை. அம்மாவின் பூட்டோடு போராடிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கடைசியில் கிளிக்.

சபேஷ் திரும்பி வாயைப் பிளந்தார்.

"என்னாடா பாக்குற? பல்லு ஆடுதுடா, அதான். ரோட்டப் பாத்து ஓட்டு."

ஏப்ரல் 26, சனி

நேற்று முன்தினம் பெண் பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. அம்மாவுக்குக் கை இன்னும் கனம் தாங்காது, பத்தியச் சமையலும் குளிப்பாட்டுவதும் அத்தைதான். குழந்தை உடைந்த பல்லையே பார்க்கிறதாம். "பாரு, பாட்டி பல்லு எங்கன்னு தேடுறா." கட்டிக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது, பல்லைக் கட்டிக்கொள்ள மறுக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

சபேஷ் குழந்தை சீட் வாங்கி வந்தார், நான் கேட்காமலே. கொண்டுபோய் முன் சீட்டில் பொருத்தினார். எதிரே இருக்கும் ஏர்பேக் பலூன் வெடித்தால் குழந்தை என்னாகும் என்று கேட்டேன். பின்னால் மாற்றினார், காரின் பின்பக்கம் பார்த்தபடி. "எங்க மொகத்தப் பாக்காம சீட்டு முதுகப் பாத்துக்கிட்டு வரணுமா புள்ள?" என்று அத்தை வருந்தினார். பிறகு வாரை இழுத்து இழுத்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. திருவந்திபுரத்தில் அந்தத் தூக்கை மகன் ஆட்டிப் பார்த்ததுபோலவே.

ஜூலை 6, ஞாயிறு

சிதம்பரம் திரும்பியாயிற்று. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் வீடு புக வேண்டும் என்று மாமா அவசரப்படுத்தினார். முன் சீட்டில் பெல்ட்டைப் பூட்டியே இருந்தார். நான், நடுவில் அத்தை, வலப்பக்கம் குழந்தை.

ஆலப்பாக்கம் வந்ததும் அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து, அந்தச் சின்ன உடம்பு வாருக்குள் முறுக்கிக்கொள்கிறது. என்னால் தாங்க முடியவில்லை. மார்பு கனக்கிறது. என் பெல்ட்டைக் கழற்றினேன். குழந்தையின் பூட்டுக்குக் கை நீட்டினேன்.

"அஞ்சி நிமிஷம் அத்தை, மடியில வெச்சிப் பால் குடுத்துட்றேன். மெதுவாத்தான போறோம்."

சொன்னவள் நானேதான். எம்.டெக். கூட இல்லை.

அத்தை என் கையைப் பிடித்துத் தள்ளினார். நிஜமாகத் தள்ளினார். "ஓடுற வண்டியில எடுக்காத. சபேஷு, ஓரங்கட்டு."

"ராகு காலம் வந்துடும் தில்ல" என்றார் மாமா.

"வந்தா வரட்டும். போயி வாசல்ல நின்னுட்டு அப்பறம் உள்ள போவலாம்."

புளியமரத்தடியில் நிறுத்தினார் சபேஷ். பொறுமையாகக் குடித்து, ஏப்பம் விட்டு, தூங்கிப் போனாள். மறுபடி சீட்டில் படுக்க வைத்தேன். அத்தை வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒன்னுது?"

கிளிக்.

"இப்ப எடுடா வண்டிய."

வீட்டு வாசலில் ராகு காலம் முடியும்வரை ஆறு பேரும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம் என்று எழுதத்தான் ஆசை. அதற்குள் கொசு வந்துவிட்டது. அத்தையே முதலில் இறங்கி ஆரத்தி கரைக்கப் போனார். ஆறு பேர் என்று எழுதிவிட்டேன், ஐந்து பேர்தான். அம்மா கடலூரில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ஜூலை 7, திங்கள்

பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் நாலு கிளிப்பும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முல்லைப் பூ. அத்தை குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததால் இன்று பொட்டு வைத்தது நான்.

இருக்கட்டும். காரில் ஏறாதவரை அதுவும் சாமிதான்.