நீலக் கேனில் மீதமிருப்பது

இன்று காலை என் ஆய்வக மேசைக்குப் புதிய மாதிரி வந்தது. கண்ணாடிக் குவளையில் நீலத் திரவம், மல்லிகை வாசனை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தேன். வழுக்கியது. காரம் மிகுந்தால் தோலில் உள்ள எண்ணெயே சோப்பாக மாறும். அந்த வழுக்கல். கல்லூரியில் படித்தது இது. பார்த்தது உன் விரலில்.

மாதிரியோடு ஒரு தாளும் வந்தது. துணி துவைக்கும் திரவம், கையால் துவைப்பவர்களுக்கு. பிஹெச் எவ்வளவு, நுரை எவ்வளவு, நிறம் சரியா. கடைசிக் கட்டம் என் கையெழுத்துக்கு. ஓரத்தில் மேலாளர் பென்சிலால் எழுதியிருந்தார்: "வழுக்கல் பத்தலைன்னு கடைக்காரங்க சொல்றாங்க. சோடா ஏத்தியிருக்கு."

தாள் மதியம் வரை அப்படியே கிடந்தது. மேசைக்கு அடியில் ஒரு நீலக் கேன் இருக்கிறது. கால் அதில் இடிக்கும்போதெல்லாம் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம்.

பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பன்னிரண்டு முடிந்ததும் நான் பொன்னேரிக்குக் கல்லூரிக்குப் போனேன். நீ உன் அம்மாவோடு உப்புத் தண்ணீர் ஏரிக்கு இறால் பிடிக்கப் போனாய். யாரும் உன்னை நிறுத்தவில்லை. "கிளாஸ்ல குந்துனா தூக்கம் வருது. தண்ணியில குந்துனா வரல. அவ்ளோதான்" என்றாய்.

ஒருமுறை உன்னோடு ஏரியில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்து நனையக் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் போனாய். எனக்கு நத்தையும் சிப்பியும் கிடைத்தன. உன் பறி நிறைந்துகொண்டே வந்தது. தண்ணீரில் நீ பேசவே மாட்டாய், வாயில் பறி இருக்கும். கரையேறிய பிறகுதான் சொன்னாய்: "ஓடறதுக்கு முன்னாடி இறாலு ஒரு தடவ யோசிக்கும்டி. அது விரலுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. விரல் எனக்குப் பேனா பிடிக்கத்தான் இருந்தது.

எம்.எஸ்ஸி.க்குச் சென்னை போக ஆரம்பித்தேன். பொன்னேரியிலிருந்து ரயில். எங்கள் வீட்டில் இறால் உரிக்கும் அதே இடத்தில்தான் துணியும் காயும். மீஞ்சூர் தாண்டியதும் பக்கத்தில் இருந்த பெண் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து அல்ல, ஜன்னலைப் பார்த்து. மறுநாளும் வேறொருத்தி. இதை உன்னிடம் பேருந்து நிறுத்தத்தில் சொன்னேன்.

"அவ மூக்க மூடினா நீ இன்னா பண்ண?"

"எழுந்து கதவாண்ட போய் நின்னுட்டேன்."

"ஐயே. எம்மெஸ்ஸி கெமிஸ்ட்ரி படிக்கிற. வாடை போவ ஒரு லிக்விட் பண்ணத் தெரியாதா உனக்கு?"

இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு ஊரில் எல்லோரும், நம் இருவருக்கும் கடை வைக்கும் ஆசை என்று நினைத்தார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அது எனக்காக ஆரம்பித்தது. நான் ரயிலில் உட்கார்ந்து போவதற்காக.

உன் வீட்டுப் பின்புறம், உன் நைனாவின் பழைய நீல டிரம். அழுக்கை எடுக்கும் மூலப்பொருளான, கரிய தேன் போன்ற ஆசிட் ஸ்லரியில் காஸ்டிக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். டிரம் சூடானது. தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் அடிக்குது இதுக்கு" என்றாய். நுரைக்கு இன்னொன்று, நிறம், வாசனை. என் ஆய்வக நோட்டில் கடைசி வரி: கெட்டிப்படுத்த உப்பு சேர்க்கவும். உப்பைப் போட்டேன். நம் கண் முன்னால் எல்லாம் நீர்த்துப் போனது. நீலத் தண்ணீர்.

உப்பு ஓர் அளவு வரை கெட்டிப்படுத்தும். தாண்டினால் நீர்க்கச் செய்யும். ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்தியது காய்ச்சி வடித்த தண்ணீர். நம் ஊர் கோட்டைக்குப்பத்தில் பம்பை அடித்தால் வருவதே உப்பு. இருபத்திரண்டு வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான், அதை மறந்துபோய் நோட்டைப் பார்த்துச் செய்தேன்.

நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். "நம்மூரு தண்ணிக்கே உப்பு போட்டியாடி?" உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "காலையிலேர்ந்து கலக்கி தண்ணிய தண்ணியாவே வெச்சிருக்கீங்க. படிச்ச புள்ளைங்க" என்றார்.

அடுத்த முறை உப்பே போடவில்லை. பம்புத் தண்ணீரில் இருந்ததே போதுமாக இருந்தது. நன்றாக வந்தது. பிஹெச் தாளை நனைத்தேன், இளம்பச்சை. எட்டு. கைக்கு ஒன்றும் செய்யாது. எனக்குப் பெருமை. நீ கேன்களில் ஊற்றி வீடு வீடாகக் கொண்டுபோனாய்.

இரண்டு நாளில் திரும்பி வந்தன.

"இன்னாம்மா இது, கையில எரியவே இல்ல? எரிஞ்சாதான அழுக்கு போவும்?" இது தெருமுனை அக்கா. "வழுக்கவும் இல்ல, பச்சத்தண்ணி கணக்கா கீது." இது எதிர் வீடு. நம் ஊரில் துணியைப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. கையைப் பார்த்துத்தான். கை காந்த வேண்டும், விரல் வழுக்க வேண்டும். அப்போதுதான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"ஏத்துடி" என்றாய்.

முதலில் முடியாது என்றேன். காரணமும் சொன்னேன். மூன்றாவது நாளும் கேன்கள் திரும்பி வந்தபோது எனக்கு உள்ளே என்னவோ சலித்துப்போனது. கோபமாகவும் இருந்திருக்கலாம், நான் நல்லது செய்ததை ஒருவரும் நல்லது என்று சொல்லவில்லையே என்று. காஸ்டிக்கை ஏற்றினேன். சோடாவையும் ஏற்றினேன். தாள் ஊதா நிறத்துக்குப் போனது. நீ தாளைப் பார்த்தாய். நிறம் மாறியது உனக்கும் தெரிந்தது.

"கைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"கழுவிட்டா போதும்."

"பம்புத் தண்ணியிலயா, ஏரித் தண்ணியிலயா?"

"எதுலயாவது கழுவு."

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு எதையாவது சொன்னேனா என்று. இல்லை.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தெருமுனை அக்கா விரல்களைத் தேய்த்துக் காட்டி, "இதான் லிக்விட்டு" என்றார். அவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் துவைத்தார்கள். நீ தினமும் கலக்கினாய். ஒவ்வொரு கேனையும் மூடுவதற்கு முன் ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்துப் பார்த்தாய். கண்ணால் பார்த்து எதையும் நம்பாதவள் நீ. ஆய்வகத்திலிருந்து கையுறை கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு நாள் போட்டாய். "இத மாட்டிக்கினா எனக்கு ஒண்ணுமே தெரியல. குருடு மாதிரி கீது" என்று டிரம்மின் விளிம்பில் தொங்கவிட்டாய். நான் வற்புறுத்தவில்லை. அந்தக் கேன்களைத் தோளில் வைத்து நீ தெருவில் போவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

இன்னொன்று. நீ ஏரியிலிருந்து வந்ததும் குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கையை எடுத்துக் கையில் தேய்ப்பாய். வாடை போய்விடும். ஒரு நாள் கேட்டாய், "இத உன் லிக்விட்ல போட முடியாதா?"

"அப்புறம் அதுல ரசம் வெக்கலாம்" என்றேன். என்னைவிட நீதான் அதிகம் சிரித்தாய்.

இறால் வாடை காரத்தன்மை உள்ள பொருளால் வருவது. காரத்தால் துவைத்தால் அது இன்னும் கிளம்பும். அமிலம்தான் அதை அடக்கும். இது எனக்குத் தெரியாதது அல்ல, தேர்வில் எழுதியிருக்கிறேன். நீ புளிச்சக்கையோடு என் முன்னால் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. கடைசி அலசலில் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், போட்டிருந்தால் போதும். வாடை போவதைக் காட்டியே விற்றிருக்கலாம், காஸ்டிக்கை ஏற்ற வேண்டியிருந்திருக்காது.

நம் லிக்விடில் துவைத்த துணியிலிருந்து வாடை போகவில்லை. காய்ந்திருக்கும்போது மல்லிகை, வேர்த்தால் இறால். நான் கதவருகில்தான் நின்றேன். உன்னிடம் சொல்லவில்லை. "போச்சாடி?" என்று கேட்டாய். "போயே போச்சு" என்றேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்ல?

விரல்களில் முதலில் தோல் உரிந்தது. பிறகு கோடு கோடாக வெடித்தது. உப்புத் தண்ணீரில் வைத்தால் எரியும் என்றாய், சாதாரணமாக, வெயில் அதிகம் என்று சொல்வதுபோல. தேங்காய் எண்ணெய் தடவினாய். பறி பாதிதான் நிறைந்தது. "இறாலு தப்பிச்சிக்கினே போவுது. என் விரலுக்குக் காது கேக்கலடி" என்றாய் ஒரு நாள். அன்று நீ சிரிக்கவில்லை.

முதல் மழையில் இறாலின் கொம்பு குத்தியது. எத்தனையோ முறை குத்தியிருக்கிறது. இந்த முறை வெடித்த தோலில். இரண்டாம் நாள் கை வீங்கியது, மூன்றாம் நாள் காய்ச்சல், பிறகு சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள்.

இளம் டாக்டர் ஒருவர் உன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கையெல்லாம் ஏன் இப்படி வெடிச்சிருக்கு? என்ன வேலை பண்றாங்க?"

உன் அம்மா சொன்னார்: "ஏரி வேலை சார். இறா புடிக்கிறவ."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் பின்னால், உன் துணிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பையிலிருந்து மல்லிகை வாசனை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நீ அங்கிருந்து வீடு திரும்பவில்லை. சொல்லியிருந்தாலும் மருந்து மாறியிருக்காது. பிறகு தேடிப் படித்தேன். நிம்மதி வேண்டும் என்றுதான் தேடினேன். மருந்து அதேதான் என்று எழுதியிருந்தது. நிம்மதி கிடைக்கவில்லை. அந்த வெடிப்பு இல்லாமல் வெறும் கொம்பு குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

படிப்பு முடிந்தது. மீஞ்சூருக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சோப்பு, பவுடர், லிக்விட். வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்பாய். கிடைக்கவில்லை.

உன் வீட்டுப் பக்கம் போவதை விட்டிருந்தேன். போன ஞாயிறு போனேன். உன் அம்மா பம்படியில் துவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீலக் கேன். நாம் கடைசியாகக் கலக்கியதில் ஒன்று. மூடியில் அளந்து வாளியில் ஊற்றினார். அவர் கையைப் பார்த்தேன். விரல் மடிப்புகளில் கோடு கோடாக வெடிப்பு. அவரும் தினமும் ஏரிக்குப் போகிறவர்.

"அத்தே, அத நிறுத்திடுங்க."

"ஏன்? அவ கலக்கினது. தீந்துடப் போவுதேன்னு மூடி மூடியா ஊத்தறேன். அவ துணிக்கு மட்டும்."

வாளியில் உன் மஞ்சள் சுடிதார். யாரும் உடுத்தாத துணி. அதைத்தான் திரும்பத் திரும்பத் துவைக்கிறார்.

"உங்க கை..."

"இதுவா. ஏரி வேலை. அப்டித்தான் இருக்கும்."

அதே பதில். அதே குரலில். என்னால் அதை இன்னொரு முறை கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஏரி இல்ல அத்தே. இந்த லிக்விட்தான். காரம் அதிகம். நான்தான் ஏத்தினேன். எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் ஏத்தினேன். அவ கையும் இதாலதான் வெடிச்சுது."

அவர் சுடிதாரைப் பிழிந்தார். எழுந்து போய்க் கொடியில் போட்டார். சுருக்கம் போக உதறி, இரண்டு முனையும் சமமாக வருகிறதா என்று பார்த்தார். முதுகை எனக்குக் காட்டியபடியே கேட்டார்.

"டாக்டரு கேட்டாரே அன்னிக்கி."

"ஆமா."

"நீ எம் பின்னாடிதான நின்னுக்கினு இருந்த."

"ஆமா."

"என்னை வுட்டு பதில் சொல்ல வெச்சிட்ட."

அதன் பிறகு அழுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. கேனின் மூடியை இறுகத் திருகினார். என் பக்கம் காலால் நகர்த்தினார்.

"எடுத்துக்கினு போ. இங்க ஊத்தாத. ஏரியிலயும் ஊத்திடாத. அங்க நாங்க கை வெக்கிறோம்."

மறுநாள் வேலைக்கு வரும்போது எடுத்து வந்தேன். பேருந்தில் மடியில், ரயிலில் காலடியில். இப்போது ரயிலில் யாரும் மூக்கை மூடுவதில்லை. பக்கத்திலிருந்த அம்மா குனிந்து, "எந்த லிக்விட்மா, வாசனையா கீது" என்றார். எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. நாம் அதற்குப் பெயரே வைக்கவில்லை.

கேனில் நான்கு விரல் உயரத்துக்கு மீதி இருக்கிறது. எலுமிச்சை உப்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் பிஹெச் தாளில் ஊதா நீலமாகும், நீலம் பச்சையாகும். அரைமணி நேர வேலை. பிறகு எங்கள் கழிவுத் தொட்டியில் ஊற்றிவிடலாம், யார் கைக்கும் ஒன்றும் ஆகாது. எலுமிச்சை உப்பை எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்து நாளாகிறது. இன்னும் மூடியைத் திறக்கவில்லை. நீ கடைசியாக விரலை வைத்துப் பார்த்தது இதில்தான்.

சற்று முன் அந்தத் தாளை எடுத்தேன். பிஹெச் கட்டத்தில் வந்த எண்ணை எழுதினேன். கீழே, கையால் துவைப்பவர்களுக்கு ஆகாது என்று எழுதினேன். கையெழுத்துக் கட்டத்தை விட்டுவிட்டேன். மேலாளர் வாங்கிப் பார்த்து, "இன்னொருத்தர்கிட்ட வாங்கிக்கறேன்" என்றார். கோபம் இல்லை அவருக்கு. வாங்கிவிடுவார். எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை. ஆனால் எழுதியதை அழிக்கவில்லை.

பிறகு குழாயடிக்குப் போனேன். கழுவிட்டா போதும் என்றேன் உன்னிடம். காலையில் தொட்டது ஒரே ஒரு சொட்டு. இது நல்ல தண்ணீர், உப்பில்லாதது. மூன்று முறை கழுவிவிட்டேன். இரண்டு விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன்.

இன்னும் வழுக்குகிறது.