மொரே ஆற்றுப் படியில்

ஞாயிறு, பாரிஸ்.

கால் கடுக்கிறது. மகள் இன்று என்னை மொரே என்ற பழைய ஆற்றங்கரை ஊருக்குக் கூட்டிப் போனாள். ஓவியர்கள் வாழ்ந்த ஊராம். இன்றும் பாலத்தடியில் ஒரு கிழவர் வரைந்துகொண்டிருந்தார்.

அஸர் தொழுகை நேரமானது. கல்முனையில் வயலுக்குப் போனால் வாய்க்காலில்தான் முகம், கை, கால் கழுவி ஒளு எடுப்பேன். அதே பழக்கத்தில் ஆற்றுப் படியில் இறங்கிவிட்டேன்.

"உம்மா, இஞ்ச வேணாம். ஆக்கள் பாக்காங்க," என்றாள் மகள்.

"பாத்தா என்ன மகள்? தண்ணிதானே."

அவள் தள்ளிப் போய் நின்றாள்.

திரும்பும்போது கிழவர் படத்தைக் காட்டினார். படியில் கால் கழுவுகிறேன் நான். தூரத்தில், எனக்கு முதுகு காட்டியபடி ஒரு பெண்.

"வடிவாக் கீறியிருக்காரு," என்றேன். மகள் எனக்கு முன்னால் ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.

இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பாதிக் கட்டிலை எனக்கு விட்டிருக்கிறாள்.