பட்டி பூசிய இரும்பு

அன்பு மகள் மோஹ்ருவுக்கு, இஸ்தாரவ்ஷானிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையில் எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் உன் டிராம் வண்டியும் அந்தப் பனியில் வழுக்காமல் ஓட வேண்டும் என்று தினமும் தொழுகையில் கேட்கிறேன். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை, மனசு குமட்டிக்கொண்டு வருகிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று கையைக் கையை ஆட்டுகிறார், அதனால்தான் உன் ஊருக்கு வரும் அடுத்த வீட்டு ஸுஹ்ரோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தனியாக உட்கார்ந்து படி.

மலை மேலூர்க்காரர்கள் நம் பட்டறைக்கு முப்பத்திரண்டு கோடரி கேட்டு வந்ததும், அதற்கான பழைய லாரி வில்பட்டைகளை உன் வருங்கால மாமனார் ஸோகிர் தன் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து அனுப்பியதும் உனக்குத் தெரியும். உன் அப்பா சாதாரணமாக எப்படிப்பட்டவர், விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பட்டையையும் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்பார், சாணைச் சக்கரத்தில் வைத்துப் பொறி பார்ப்பார், பிறகுதான் உலைக்குள் போகும். இந்தத் தடவை ஒன்றுமே செய்யவில்லை. கேட்டதற்கு, “சம்பந்தி குடுத்த இரும்பச் சாணையில வெச்சுப் பாத்தா அந்த மனுஷன் என்னடி நெனைப்பாரு, பேசாம இரு” என்றார். முதல் பட்டை நெருப்பில் போனதும் பிளாஸ்டிக் எரிகிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது, பெயிண்ட் என்றார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வாரம் முன்னால் மேலூரிலிருந்து நஸ்ருல்லோ என்பவர் வந்தார், உடைந்த கோடரி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு. முசுக்கட்டை அடிமரத்தை வெட்டும்போது பாதி வாய் தெறித்துக் கண்ணுக்குக் கீழே கன்னத்தைக் கிழித்திருக்கிறது, ஏழு தையல். அந்த மனுஷன் கோபப்படவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “உஸ்தோ, நான் சண்டைக்கு வரல. மிச்சம் முப்பத்தொண்ணும் எங்க சனங்க கையில இருக்கே, அத என்ன செய்யறதுன்னு மட்டும் சொல்லுங்க” என்று உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். உடைந்த இடத்தைப் பார்த்தேன், பாதி வெள்ளி மாதிரி பளபளவென்று, பாதி கரி மாதிரி கறுப்பாக. பட்டறையில் வளர்ந்தவள் நீ, உனக்கே புரியும். கறுத்த பாதி அடிப்பதற்கு முன்பே விரிசல் விட்டிருந்தது.

நேராகக் கிடங்குக்குப் போனேன். வாசலிலேயே இரண்டு ஆட்கள் உட்கார்ந்து, விரிசல் விட்ட பட்டைகளில் சுவருக்குப் பூசுவது போலப் பட்டி பூசி, தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஸோகிர் புலாவ் தின்றுகொண்டிருந்தார். மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவருக்கு. விரலெல்லாம் கொழுப்பு வழிய, “வாங்க சம்பந்தியம்மா, ஒரு கை சாப்பிடுங்க” என்கிறார். உடைந்த துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நஸ்ருல்லோவின் கன்னம் கிழிந்ததைச் சொன்னேன். “விரிசல் இல்லாத பழைய பட்டைக்கு நான் எங்க போவேன்? நெருப்புல போட்டு அடிச்சா ஒட்டிக்கும்னு நெனைச்சேன். கண்ணு போயிடலையே, அப்புறம் என்ன?” என்று இன்னொரு பிடி அள்ளினார். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்றார். இருபத்தாறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள் நான், அன்றைக்கு அவருக்கு ரொட்டி பிய்த்துக் கொடுக்கக் கை வரவில்லை.

மறுநாள் காலை ஒரு கேன் மண்ணெண்ணெயும் சுண்ணக்கட்டிகளும் எடுத்துக்கொண்டு மேலூர் பஸ் ஏறினேன். பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாக் கோடரிகளையும் பரப்பச் சொல்லி, மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணப்பொடி தூவினேன். நல்ல இரும்பில் பொடி வெள்ளையாகவே நிற்கும், விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறிவந்து கோடு காட்டிவிடும். பதினொன்றில் கோடு வந்தது மோஹ்ரு. அதில் ஒன்று, ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தினமும் விறகு பிளக்கும் கோடரி. அவள் அதைக் காலால் என் பக்கம் தள்ளினாள். அடுத்த பஸ்ஸில் உன் அப்பா வந்து இறங்கினார், முகத்தில் சவரம்கூட இல்லை. எல்லார் முன்னாலும், “தப்பு என்னோடது. பாக்காம அடிச்சேன்” என்றார். சம்பந்தி பெயரை இழுக்கவில்லை. நஸ்ருல்லோவுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு புதிதாக அடித்துத் தருவதாகச் சொல்லி வந்திருக்கிறார். இப்போது அவரே அலைந்து, பழைய டிராக்டர்களின் அச்சுத் தண்டுகளாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டு, சாணையில் பொறி பார்த்துத்தான் வாங்குகிறார், ஏழு முடிந்துவிட்டது. அவரோடு பேசுகிறேன், ஆனால் அந்தக் குமட்டல் முழுசாகப் போகவில்லை.

எழுத வந்த விஷயம் இனிமேல்தான். வெள்ளிக்கிழமை பிர்தாவ்ஸ் வந்தான், இஸ்திரி போட்ட சட்டை, கையில் இனிப்புப் பெட்டி. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்று உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன், உங்கள் கிடங்கில் விரிசலுக்குப் பட்டி பூசி விற்பது உனக்குத் தெரியுமா என்று. “தெரியும் அத்தை. ஆனா அது உங்க வீட்டுக்குப் போற சரக்குன்னு சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நல்லதாப் பொறுக்கி வெச்சிருப்பேன்” என்றான். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். உன் அப்பா தலையாட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

நிச்சயத் துணியும் மோதிரமும் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. வாழப்போகிறவள் நீ என்பதால் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என் மனசில் என்ன இருக்கிறது என்று நீ கேட்கவே வேண்டாம், ஆனால் அவன் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்து நீயே சொல், ஊர் என்ன பேசும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும். ஸுஹ்ரோ பத்தாம் தேதி திரும்புகிறாள், பதிலை அவளிடமே கொடு, மறந்துவிடாதே.

உன் அம்மா
சனவ்பர்