புயல் என்று பெயர் வைத்தவன்

குளிர்ந்த தண்ணீர் பட்டால், நீ குத்தியதில் விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பல் இன்னும் கூசும். இன்று காலையும் கூசியது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றபோதுதான் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யிலிருந்து உன் மகள் தொலைபேசி எடுத்தாள். உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமாம். "அப்பாட பெஸ்ட் பிரெண்ட் நீங்கள்தானே, மாமா" என்றாள். நம் சண்டையை நீ வீட்டில் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கும் சேர்த்து உன்மேல் கோபம் வந்தது.

சண்டை நடந்த அன்று கோட்-டெ-நெய்ஜ் மண்டபத்தில் நம் வாசகர் வட்டக் கூட்டம். சீனாவின் பழைய ரொக்கெட் ஒன்றைப் பற்றிப் பேசினேன். சீன மொழியில் அதற்குப் புயல் என்று பெயர். கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்து ஊர்களை எரிக்கச் செய்த ஆயுதத்தின் உடலை எடுத்து, அதன் தலையில் பூமியைச் சுற்றிவரும் செய்மதியை ஏற்றினார்கள். செய்மதியோடு முதலில் ஏறியபோது தோற்றது, பிறகு வென்றது. ஆயுதத்தை அறிவியல் வென்ற கதையாகவே அதைச் சொன்னேன். ஏவுகலம் என்றேன்.

நீ முன்வரிசையில் இருந்தபடியே திருத்தினாய். "ஏவுகணை."

குண்டைச் சுமந்தால் கணை, செய்மதியைச் சுமந்தால் கலம் என்று விளக்கினேன்.

"அப்ப தொப்பியை மாத்தினால் ஆளும் மாறிடுமோ?" என்றாய். சபை சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "புயல் எண்டு பேர் வச்சவனுக்கே அது என்னெண்டு தெரியும், மச்சான். உனக்குத்தான் தெரியேல்ல."

உன் அக்காவின் கதை எனக்குத் தெரியும். ஆற்றுக்கு அடியால் மெட்ரோ ஓடும்போது ஒருமுறை சொல்லியிருந்தாய். எறிகணை விழுந்த முற்றத்தில் அவளைப் பாயில் அள்ளினீர்கள். ஒரு கை கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தத் துயரம் வேறு, கலைச்சொல் வேறு. இன்றும் என் நிலை அதுதான். "பாமரன் மாதிரிக் கதைக்காதே" என்றேன்.

நீ எழுந்து வந்ததை நான் பார்க்கவில்லை. முதல் குத்தில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல்லும் ஒலிவாங்கியும் சேர்ந்தே விழுந்தன. முன்வரிசை இரும்புக் கதிரையைத் தூக்கி உன் விலாவில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தத்தைக் கீழே கிடந்த ஒலிவாங்கி மண்டபம் முழுக்கக் கேட்கச் செய்தது. நீ என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினாய். நான் உன் கையைச் சதை பிய்யக் கடித்தேன். நாலு பேர் இழுத்தும் உன் விரல்கள் விடவில்லை. நீ கத்தவும் இல்லை. "சொல்லு, சொல்லு" என்று மட்டும் கேட்டாய். எந்தச் சொல்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அதன்பின் ஒரே பேருந்தில் ஏற நேர்ந்தால் இருவரில் ஒருவர் இறங்கிவிடுவோம். நீ மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். உன் சாவுச் செய்தி வந்த அன்றும், மன்னிப்புக் கேட்காமலே தப்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

உன் மகளுக்காக எழுத உட்கார்ந்தேன். அன்று பேசியதை எடுத்தெழுத முடிகிறது. இன்று நானாக அந்த ரொக்கெட்டுக்குத் தமிழ்ப்பெயர் எழுதப் போனால், பேனா ‘ஏவுக’ வரை போய் நின்றுவிடுகிறது. இரண்டு சொல்லுக்கும் அதுவரை ஒரே எழுத்துகள்தான். நீ வென்றாய் என்று நினைத்துக்கொள்ளாதே. ‘ணை’ எழுதமாட்டேன். ஆனால் ‘ல’வும் வருவதில்லை.