எடுக்குற காசு

அன்புள்ள அம்மாவுக்கு,

இதைக் கொண்டுவருகிற ஷிஜா, பஸ் கண்டக்டர். கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கும் ஷில்லிங் நோட்டுகளை முதலில் எடுத்துக்கொள்.

காலையில் போனில், எடுக்கப் போனால் பணம் குறைகிறதென்று, "அடியே, உங்கக்கா ஆபரேஷனுக்குக் கட்டுற பணத்துலயா கை வச்ச?" என்று கத்தினாய். சத்தியமாக இல்லை அம்மா. பயத்தில் போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கேட்ட தொகையை, போன் வழியாகப் பணம் அனுப்பும் கடையில் கொடுத்து, முழுசாகத்தான் உன் போனுக்கு அனுப்பினேன். அப்போது கடைக்காரர், "எடுக்குற காசும் சேத்துப் போடவா?" என்றார். தனக்கு ஏதோ கேட்கிறார் என்று நினைத்து வேண்டாமென்று தலையாட்டினேன். என்னவென்று கேட்கக் கூச்சம்.

இப்போது ஓடிப்போய்க் கேட்டேன். "என்னைத் திருடன்னு நெனச்சியா பாப்பா?" என்று சிரித்தார். "பணம் போறதுக்கு ஒரு கூலி. அத நோட்டா கையில வாங்குறதுக்கு இன்னொரு கூலி. அது உங்கம்மாவுக்கு வந்த பணத்துலதான் கழியும்."

குறைந்ததையும் போனில் அனுப்பினால் மறுபடி கூலி. நான் வேலை பார்க்கும் வீட்டம்மாவிடம் அழுது வாங்கிய கடன் அந்தக் கூலிக்கும் சேர்த்துப் போதாது. அதனால்தான் பஸ்ஸில் அனுப்புகிறேன். போனில் உள்ளதை ஒரே தடவையாக எடு. பாதி பாதியாக எடுத்தால் இரண்டு தடவை பிடிப்பார்கள்.

டாக்டர் சாயங்காலம் வரைக்கும்தான் பொறுக்கலாம் என்றாராமே. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. படகுத்துறையில் பஸ் படகில் ஏற வரிசையில் காத்து நிற்குமோ என்று மட்டும்தான் யோசிக்கிறேன்.

லிமி அக்கா கண் திறந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. அதற்குக் காசு பிடிக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் கூப்பிடாதே அம்மா. போனை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் சின்ன மகள்